மூடியில் குடித்தவள்

நாரணாபுரம்
3.3.2024

சுமைரா அக்கா அவர்களுக்கு,

நான்காம் பாகத்தில் 212ஆம் பக்கத்தில் ஒரு மூடி வருகிறது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

சிவகாசி நூலகத்துப் ‘பனிவாசல்’ நான்காம் பாகத்தின் பின்னட்டையில் நீங்கள் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். கதையில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இடங்களைக் கண்டால் எழுதச் சொல்லியிருந்தீர்கள்.

இரண்டாம் பாகத்தில் கொற்றியோடு சேர்த்து நாலு பேர் பனிமலையைக் கடக்கிறார்கள். புயலுக்கு ஒரு குகையில் ஒதுங்கி, நாலு கிண்ணத்தில் கஞ்சி குடிக்கிறார்கள். நான்காம் பாகத்தில் கொற்றி அதே நாளை அரசவையில் சாட்சியாகச் சொல்கிறாள். அங்கே, “நாலு கிண்ணத்தில் ஊற்றினேன். மூடியில் குடித்தவள் கடைசியாகக் குடித்தாள்” என்கிறாள். நாலு பேருக்கும் கிண்ணம் இருக்கிறது. அப்படியென்றால் மூடியில் குடித்தது யார்? அரசவையில் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வரியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது.

எனக்கு வயது பதினேழு. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. ஆனால் போனில் பேச எனக்கு வராது, குரல் உள்ளே போய்விடும். எழுதினால் பரவாயில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பா. பாண்டிலட்சுமி

*

விருதுநகர்
9.3.2024

அன்புள்ள பாண்டிலட்சுமி,

அந்தச் சீட்டை ஒட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதைப் பார்த்து வந்த முதல் கடிதம் உன்னுடையதுதான். போஸ்ட்மேனிடம் அத்தா வாங்கிவிட்டார். “நாரணாபுரத்துல உனக்கு யாரு?” என்று மூன்று தடவை கேட்டார். அவருக்கு வத்தல் கமிஷன் கடை. கடிதம் வந்தாலே யாரோ சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பயந்துபோவார்.

நான் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்தேன். எங்கள் வாசகர் வட்டத்தில் நூற்றுப்பதினாறு பேர். எல்லாரும் வாட்ஸப்பில்தான் சண்டை போடுவோம். பிழைகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிழை 9: முதல் பாகத்தில் செத்துப்போன வெள்ளைக் குதிரை மூன்றாம் பாகத்தில் ஆற்றில் தண்ணீர் குடிக்கிறது. பிழை 17: பத்து நாளில் இரண்டு பௌர்ணமி. உன் மூடிக்கு 31ஆம் எண் கொடுத்திருக்கிறேன். இத்தனை பேர் படித்தும் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

என் கணக்கு இதுதான். நான்காம் பாகத்தை ஆசிரியர் ஆறு வருஷம் கழித்து எழுதினார். குகையில் எத்தனை பேர் என்பதை மறந்துவிட்டார். அவ்வளவுதான். மூடி நாய்க்கு வைத்தது என்று வட்டத்தில் ஒருத்தன் சொல்கிறான். அந்தப் பயணத்தில் நாயே கிடையாது என்றால், “ஏன் இருக்கக்கூடாது?” என்கிறான். இவனையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

சுமைரா

*

நாரணாபுரம்
17.3.2024

அக்கா,

குதிரை பிழைதான். அதற்கு நான் வரவில்லை. ஆனால் கதையில் பௌர்ணமிக் கணக்கைச் சொல்வது தூங்கன். அவன் அப்போது காய்ச்சலில் கிடக்கிறான். காய்ச்சலில் கிடப்பவனுக்கு நாள் ஓடுவது தெரியாது. அது அவன் தப்பு, எழுதியவர் தப்பு இல்லை. 17ஐ அடித்துவிடுங்கள்.

மூடியும் பிழை இல்லை. ஏன் என்று சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

நானும் அம்மாவும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறோம். மருந்து அடைக்கிற ரூம். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் என்று சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும். சீசன் ஆர்டர் வந்துவிட்டால் ஐந்தாவதாக ஒரு ஆளை உட்காரவைப்பார்கள். எங்கள் ரூமில் அந்த ஐந்தாவது ஆள் நான். பேரேட்டில் என் பெயர் கிடையாது. சோதனைக்கு ஆபீசர் ஜீப் வருகிறது என்று கேட்டில் இருந்து சத்தம் வந்தால், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வேலிக்கருவேலுக்குள் போய்விடுவேன். ஜீப் போகும்வரை அங்கேதான். முள்ளுக்குள் உட்கார்ந்துதான் மூன்றாம் பாகத்தைப் படித்து முடித்தேன்.

டீயை ரூமுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் குடிக்க வேண்டும். கம்பெனி டம்ளர் ரூமுக்கு நாலு. ஐந்தாவது டம்ளர் இருந்தால் பார்க்கிறவர் எண்ணிவிடுவார். அதனால் ஐந்தாவது ஆள் தூக்குச்சட்டி மூடியில் குடிக்க வேண்டும். எல்லா ரூமிலும் அப்படித்தான். மூடி யார் கண்ணுக்கும் டம்ளராகத் தெரியாது.

குகையில் ஐந்து பேர் இருந்தார்கள் அக்கா. கொற்றிக்கு அது தெரியும். மற்றவர்கள் ஐந்தாவது ஆளைச் சொல்ல வேண்டாம் என்று பேசிவைத்திருக்கிறார்கள். அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அல்லது வேண்டுமென்றே சொன்னாள்.

பாண்டிலட்சுமி

*

விருதுநகர்
26.3.2024

பாண்டி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடைக்கு வருகிற லாரிகள் சிவகாசி போய்த்தான் திரும்புகின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் தெருவிலும் வெடிக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதை என்று வந்தால் விடமாட்டேன். ஆசிரியர் சென்னைக்காரர். உங்கள் வேப்பமரத்தையும் மூடியையும் அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் நினைக்காத ஒன்றை நாமாக அவர் கதைக்குள் கொண்டுபோய் வைக்கலாமா? அப்படிப் பார்த்தால் எந்தப் பிழையையும் பிழை இல்லை என்று சொல்லிவிடலாம். நாய்க்காரனும் அதைத்தானே செய்கிறான்? குகையில் ஐந்தாவது ஒருத்தி இருந்தால் அவள் எப்படி வந்தாள், பிறகு எங்கே போனாள்? இரண்டாம் பாகத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

17ஐ அடித்துவிட்டேன். அதில் நீ ஜெயித்தாய்.

சுமைரா

*

விருதுநகர்
20.4.2024

பாண்டி பாண்டி,

கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. நேற்று ஆசிரியரோடு எங்கள் வட்டத்துக்கு ஜூமில் கூட்டம். ஆளுக்கு ஒரு கேள்வி. நான் மூடியைக் கேட்டேன். அவர் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “பத்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. இது என் கவனக்குறைவு. அடுத்த பதிப்பில் அந்த வரி இருக்காது” என்றார். நூற்றுப்பதினாறு பேரும் கை தட்டுகிற படத்தை அனுப்பித் தள்ளிவிட்டார்கள். சிறந்த கேள்விக்கு ஐந்தாம் பாகம், அவர் கையெழுத்துப் போட்டு, கடைக்கு வருவதற்கு முன்னாலேயே எனக்கு வருகிறது.

உன் பெயரைச் சொல்லவில்லை. நீதான் சொல்லாதே என்றாய். கம்பெனியைப் பற்றியும் மூச்சு விடவில்லை. பிழை என்று மட்டும்தான் கேட்டேன்.

பார்த்தாயா, ஆசிரியரே ஒத்துக்கொண்டார். நாலு பேர்தான்.

சுமைரா

*

நாரணாபுரம்
25.4.2024

சுமைரா அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

வரியை எடுத்துவிட்டால் அவள் எதில் குடிப்பாள்?

கம்பெனியைப் பற்றிச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டேன். மூடியைக் கண்டது நான் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்கவில்லை. பரவாயில்லை. பெயர் இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கம்தான்.

இங்கே ஆர்டர் அதிகம். இனி எழுத நேரம் இருக்காது.

பா. பாண்டிலட்சுமி

*

விருதுநகர்
4.5.2024

பாண்டி,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். நீ சொன்னது சரி. கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது, “இதைக் கண்டது நாரணாபுரத்தில் இருக்கும் என் தோழி” என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் போதும். வாயில் வரவில்லை. எல்லாரும் கை தட்டும்போது நன்றாக இருந்தது, அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. முதல் பக்கத்துக்கு மேல் நான் புரட்டவில்லை. முதல் பக்கத்தில் ஆசிரியர் ‘சுமைராவுக்கு’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ‘மூடியைக் கண்ட பாண்டிலட்சுமிக்கு’ என்று நான் எழுதியிருக்கிறேன். புத்தகம் உனக்குத்தான். பார்சலில் அனுப்புகிறேன். நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

முள்ளுக்குள் உட்கார்ந்து இதைப் படிக்காதே. ஒரே ஒரு நாள் லீவு போடு. தலைவலி என்று சொல். உன் இடத்தில் அன்றைக்கு வேறு யாராவது உட்காரட்டும். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே மூச்சில் படித்துவிட்டு எனக்கு எழுது. அவள் வருகிறாளா என்று பார்த்துச் சொல்.

சுமைரா

*

விருதுநகர்
11.5.2024

பாண்டி,

நேற்றுப் பேப்பரில் பார்த்தேன். நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து அடைக்கிற அறை வெடித்துவிட்டது, உள்ளே இருந்த நான்கு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், பொன்னுத்தங்கம் என்பவர் காயம் என்று போட்டிருக்கிறது. முதல் கடிதத்தில் இருந்து தேடிப் பார்த்தேன். உன் அம்மா பெயரை நீ எங்கேயும் எழுதவில்லை. பா. என்று மட்டும்தான் இருக்கிறது. அது அப்பாவாகவும் இருக்கலாம்.

நான்கு என்று போட்டிருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். நீ இருந்தாலும் அவர்கள் நான்கு என்றுதானே போடுவார்கள்?

அத்தாவிடம் சொல்லி நாரணாபுரத்துக்குப் போகிற லாரிக்காரரிடம் விசாரிக்கச் சொன்னேன். அவருக்கு உன் பெயர் தெரியவில்லை.

ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று எழுது.

சுமைரா

*

நாரணாபுரம்
19.5.2024

அக்கா,

இருக்கிறேன்.

பொன்னுத்தங்கம் எங்கள் அம்மாதான். இரண்டு கையும் முழங்கைவரை வெந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்தான் சோறு ஊட்டுகிறேன்.

புத்தகம் எட்டாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி காலையில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தது. “சூடு ஒண்ணையும் காணோம். சரி, கெட. ஆர்டரு நிக்குது, நான் அருணாவக் கூட்டிட்டுப் போறேன்” என்றது. அருணாதேவி பக்கத்து வீடு. வயது பதினைந்து. பள்ளிக்கூடம் லீவு. என் தூக்குச்சட்டியை அவளிடம் கொடுத்துவிட்டது. அவள் வாசலில் நின்று என்னை எட்டிப் பார்த்து, “நடிக்காதக்கா, தலகாணிக்கு அடியில புஸ்தகம் தெரியுது” என்றாள். சிரித்துக்கொண்டே போனாள்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது சத்தம் கேட்டது. இங்கே எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள், எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள்.

நான் ஓடிப்போனபோது ரூம் இல்லை. வேப்பமரம் ஒரு பக்கம் கருகி நின்றது. மரத்தடிக் கல்லில் நாலு டம்ளரிலும் மூடியிலும் டீ அப்படியே இருந்தது. அம்மா டீயை ஊற்றிவைத்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டிருக்கிறது. மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் வெடித்துவிட்டது. அருணாவை வெளியே இழுத்துப்போட்டது அம்மாதான். அதில்தான் கை போனது.

நான் மூடியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. டீயைக் கீழே ஊற்றிவிட்டுத் தாவணிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து அம்மாவிடம் கேட்டது, ரூமில் எத்தனை பேர் என்று. போர்மேன் பக்கத்தில் நின்றார். அம்மா, “நாலு பேரு” என்றது. அருணா அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில் கிடந்தாள். அவளுக்கு வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது என்று எழுதியிருக்கிறார்கள். அவள் அப்பா ஊர்க்காவலன் மாமாதான் அப்படிச் சொல்லிச் சேர்த்தார்.

நீங்கள் லீவு போடச் சொன்னதைப் பற்றி ஒன்றும் நினைக்காதீர்கள். போட்டது நான்.

பாண்டிலட்சுமி

*

விருதுநகர்
24.5.2024

பாண்டி,

நினைக்காதே என்று நீ எழுதினால் நினைக்காமல் இருந்துவிடுவேனா? என் கடிதத்தை நீ கிழித்துப்போட்டுவிடு. ‘உன் இடத்தில் வேறு யாராவது உட்காரட்டும்’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டேன். அம்மா என்ன என்று கேட்கிறார், சொல்ல முடியவில்லை.

அருணா பிழைத்துக்கொள்வாள். நான் தொழுகையில் கேட்கிறேன்.

நீ ஒன்றும் செய்துவிடாதே. உன் அம்மா போலீசிடம் நாலு என்று சொல்லியாகிவிட்டது. நீ ஐந்து என்றால் அவர் பொய் சொன்னதாகும். போர்மேன் யார், எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. நீ தனியாக இருக்கிறாய். கதையில் கொற்றிக்கு அரசவையில் பாதுகாப்பாக ஒரு படை நின்றது. அப்படியும் அவளால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை, மூடி என்று மட்டும்தான் சொன்னாள்.

இப்போது நான் உன் பக்கம்தான் படிக்கிறேன் என்பதைக் கவனித்தாயா? குகையில் ஐந்து பேர்.

சுமைரா

*

நாரணாபுரம்
2.6.2024

அக்கா,

அருணா போய்விட்டாள். பதினேழு நாள் கிடந்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு பார்க்கப் போனேன். கண்ணும் வாயும்தான் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “யாரு கேட்டாலும் அடுப்புன்னு சொல்லணுமாம்க்கா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க வீட்ல ஏது மண்ணெண்ண அடுப்பு? கேஸுதான? இது கூடவா தெரியல இவுகளுக்கு” என்றாள். மூன்றாம் பாகம்வரை நான் அவளுக்குக் கதை சொல்லியிருக்கிறேன். பிழை பிடிப்பது அவளுக்கும் பிடிக்கும். “புஸ்தகம் முடிச்சிட்டியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “முடி. முடிச்சிட்டுச் சொல்லு” என்றாள்.

வெளியே வரும்போது நர்ஸ் வினோலியா என்னை நிறுத்தினார். “நீ யாரும்மா அவளுக்கு?” பக்கத்து வீடு என்றேன். “நான்தான் அவளத் தொடச்சி விடுறேன். தலமுடிக்குள்ள, காதுக்குள்ள எல்லாம் வெள்ளியா வருது. அடுப்பு வெடிச்சா வெள்ளி ஒட்டுமா?” என்றார். நான் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என் நகத்திலும் மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் இன்னும் இருக்கிறது. அது மாதக்கணக்கில் போகாது. அவர் பார்த்துவிட்டார்.

போர்மேன் யார் என்று கேட்டிருந்தீர்கள். ரத்தினசாமி. அம்மாவுடன் பிறந்த தம்பி, என் தாய்மாமன். நான் பெரியமனுஷி ஆனபோது சீர்ப் பாத்திரத்தோடு அந்தத் தூக்குச்சட்டியை வைத்தவர் அவர்தான். சட்டியிலும் மூடியிலும் ‘பாண்டிலட்சுமிக்கு மாமன் ரத்தினசாமி’ என்று பெயர் வெட்டியிருக்கிறது.

அருணாவின் காரியம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்தார். டம்ளர் நாலையும் தூக்குச்சட்டியையும் எடுத்துவிட்டாராம், மூடியை மட்டும் காணோமாம். “ஏ பாண்டி, அந்த மூடிய நீதான எடுத்த? குடு” என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லப் போனேன். குரல் வரவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். “பேரு ரெண்டு பேருதும் இருக்குல்ல. ஆபீசரு கையில கெடச்சா, நீதான் அங்கன வேல பாத்தன்னு ஆகும். ஒன்னய உக்காத்தி வச்சது நான்னு ஆகும். ஒங்கம்மாவயும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போவாக, அந்தப் பிள்ளயக் கூட்டியாந்தது அவதான? நான் ஒருத்தன் ஜெயிலுக்குப் போறதப் பத்தி இல்ல தாயி. கம்பெனியச் சீல் வச்சா இந்தத் தெருவே அடுப்புப் பத்த வைக்காது” என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரியும் இல்லை. அழுதார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளைதான் நானும்.

அவர் போன பிறகு அம்மா சொன்னது: “நாலுன்னு சொல்லிட்டேன்டி. இழுத்துப் போட்ட கையாலயே சொல்லிட்டேன். இனி அஞ்சுன்னா, அன்னைக்கு ஏன் சொல்லலன்னு கேப்பாகள்ல. நான் என்னன்னு சொல்ல?”

ஊர்க்காவலன் மாமாவிடமும் போனேன். அவர் வேலியில் முள்ளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், “அடுப்புன்னே இருக்கட்டும் தாயி. சின்னவ இருக்கா. அவளுக்கும் நாளைக்கு அங்கனதான் வேல” என்றார்.

யாருக்கும் வேண்டாம் அக்கா. அவளைப் பெற்றவருக்கே வேண்டாம். பன்னிரண்டாம் தேதி சாத்தூருக்கு விசாரணை அதிகாரி வருகிறார். விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நாலு பேர் என்று மாமா சொல்வார். அம்மா சொன்னதை வாசிப்பார்கள். பிறகு எழுதி முடித்துவிடுவார்கள். அது அச்சாகிவிட்டால் அடுத்த பதிப்பு கிடையாது.

மூடி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

பாண்டிலட்சுமி

*

விருதுநகர்
7.6.2024

பாண்டி,

ஆசிரியருக்கு எழுதினேன். மூடியைக் கண்டது நான் இல்லை, நீ என்று சொன்னேன். அது பிழை இல்லை, தயவுசெய்து அந்த வரியை எடுக்க வேண்டாம் என்று கேட்டேன். ஏன் என்று காரணம் சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன். மறுநாளே பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். புதிய பதிப்பு அச்சுக்குப் போய்விட்டதாம். 212ஆம் பக்கத்தில் அந்த வரி இப்போது இல்லை. “கதை இப்போது பிசிறில்லாமல் இருக்கிறது” என்கிறார்.

வட்டத்திலும் உன் பெயரைப் போட்டேன். கொஞ்சம் பேர் கை தட்டுகிற படம் போட்டார்கள். அதற்குள் எல்லாரும் ஐந்தாம் பாகத்துக்குப் போய்விட்டார்கள். நானும் வேறு பிரதி வாங்கிப் படித்து முடித்தேன். அவள் வரவில்லை, பாண்டி. கடைசிப் பக்கம்வரை வரவில்லை. நீ தேட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போ என்றும் போகாதே என்றும் நான் எழுத மாட்டேன். போன தடவை நான் சொன்னதைக் கேட்டுத்தான் ஒரு நாள் வீட்டில் இருந்தாய். இதில் எனக்கு வாய் கிடையாது.

பன்னிரண்டாம் தேதி சாத்தூருக்குப் போகட்டுமா என்று அத்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். “கம்பெனிக்காரங்க விவகாரத்துல நமக்கென்ன?” என்றார். கத்தினேன், அழுதேன். அனுப்ப மாட்டார். அது என் தைரியம் எவ்வளவு என்பதையும் காட்டிவிட்டது.

உன் எல்லாக் கடிதத்தையும் தேதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். மார்ச் பதினேழாம் தேதிக் கடிதத்தில் ரூமுக்கு ஐந்து பேர் என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. தபால் முத்திரையும் இருக்கிறது. விபத்துக்கு ஐம்பது நாளுக்கு முன்பு எழுதியது. இதோடு வைத்து அனுப்புகிறேன். உன்னுடையதுதான், வேண்டுமென்றால் எடுத்துக்கொள். வேண்டாமென்றால் கிழித்துவிடு.

சுமைரா

*

நாரணாபுரம்
13.6.2024

அக்கா,

நேற்று விடிந்ததும் எழுந்து குளித்தேன். அரிசிப் பானைக்குள் இருந்து மூடியை எடுத்தேன். அடியில் டீக்கறை காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். செருப்பைப் போடும்போது, “மூடியக் கழுவிறாத” என்றது. திரும்பவில்லை.

நான் கழுவவில்லை.

பஸ்ஸில் போனேன். வராந்தாவில் மாமா உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். எழுந்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பிறகு உள்ளே போனேன்.

அதிகாரியும் எழுதுகிறவர் ஒருவரும் இருந்தார்கள். என்னம்மா என்றார்கள். எனக்குக் குரல் வரவில்லை. எழுதுகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மூடியை மேசையில் வைத்தேன். உங்களுக்கு எழுதிய மார்ச் மாதக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி மூடியைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெட்டியிருந்ததை வாய்விட்டு வாசித்தார். “இதுல பாண்டிலட்சுமி யாரு?”

“நான்தான் சார். அது என் இடம். அன்னைக்கு நான் வீட்டுல இருந்துட்டேன்.”

“அப்ப இதுல குடிச்சது யாரு?”

எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். நான் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். அவர் அதை எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.

பாண்டிலட்சுமி